மெடிக்கல் அலர்ட் வளையம், செயின்: வாசகம் எழுதுவதிலிருந்து கையில் மாட்டுவது வரை

மெடிக்கல் அலர்ட் என்பது நம் நோயையும் மருந்தையும் பொறித்துக் கையிலோ கழுத்திலோ மாட்டிக்கொள்ளும் தகடு. நினைவில்லாமல் கிடக்கும்போது நமக்காகப் பேச வேண்டியது இதுதான். பாளையங்கோட்டையில் மருந்துக் கடையில் நிற்பதால், சர்க்கரைக்கும் வலிப்புக்கும் இதயத்துக்கும் மாத்திரை வாங்க வருகிறவர்கள் பலர் இதைப் பற்றி விசாரிப்பார்கள். கூடவே நின்று செய்து கொடுத்ததும் உண்டு. முக்கால்வாசிப் பேர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். நகையை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் அதில் இருக்கிற இடத்துக்குள் எதை எழுதுவது என்று திண்டாடுகிறார்கள். வாசகம் முதலில், நகை கடைசியில். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் போகிறது.

1. உங்களுக்கு இது வேண்டுமா என்று பாருங்கள்

கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான். நான் பேச முடியாமல் கிடக்கும்போது, என் நோய் தெரியாத காரணத்தால் எனக்குத் தப்பான சிகிச்சை நடக்குமா, அல்லது சரியான சிகிச்சை தாமதமாகுமா?

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஆமாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆமாம், ஏனென்றால் அதுவும் சர்க்கரையைத் தாழ இறக்கிவிடும். வெறும் மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அப்படி இறங்குவது அரிது. வலிப்பு உள்ளவர்கள், இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் சாப்பிடுகிறவர்கள், ஹீமோஃபிலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்) உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள், ஏதாவது மருந்துக்குக் கடுமையான அலர்ஜி உள்ளவர்கள் எல்லோருக்கும் வேண்டும்.

பிரஷர் மட்டும், தைராய்டு மட்டும், கொழுப்பு மட்டும் என்றால் அவசரமில்லை. இந்தப் பக்கத்து அண்ணாச்சிமார் சிலர் இருக்கிற எல்லாவற்றையும் எழுதிவிட ஆசைப்படுவார்கள். எழுத எழுத, படிக்க வேண்டியது கண்ணில் படாமல் போகும்.

2. காகிதங்களை முன்கூட்டியே எடுத்து வைக்கவும்

கடைசியாகப் படுத்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டைகள். அட்டை எதற்கு என்றால், சீட்டில் கம்பெனிப் பெயர்தான் பெரும்பாலும் இருக்கும். அட்டையில் மருந்தின் சொந்தப் பெயரும் (ஜெனரிக் பெயர்) அச்சாகியிருக்கும். தகட்டில் போக வேண்டியது அந்தச் சொந்தப் பெயர். கம்பெனி மாறும், மருந்து மாறாது. வெளிமாநில டாக்டருக்கும் அதுதான் தெரியும்.

அலர்ஜி விஷயத்தில் கொஞ்சம் அலைந்தால்கூடப் பரவாயில்லை. ‘ஏதோ ஊசி ஒத்துக்காது’ என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். எந்த ஊசி? பெனிசிலினா, சல்ஃபாவா, ஸ்கேனுக்கு முன்னால் ஏற்றும் மருந்தா? பெயர் தெரியாத அலர்ஜியைத் தகட்டில் எழுதினால் டாக்டருக்குப் பயம்தான் வருமே தவிர வழி தெரியாது. ஊசி போட்ட ஆஸ்பத்திரியில் பழைய ரெக்கார்டைக் கேட்டுப் பாருங்கள். வயிற்றைப் புரட்டியது, தலை சுற்றியது மட்டும் என்றால் பெரும்பாலும் அலர்ஜி இல்லை. உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு முட்டியதா, முகம் வீங்கியதா என்பதைச் சொல்லி டாக்டரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்த முறை ரிவியூவுக்குப் போகும்போது டாக்டரிடம் இந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “நான் மயங்கிக் கிடந்தா கேஷுவாலிட்டியில முதல்ல என்ன தெரியணும் சார்?” ஓபியில் கூட்டமாக இருந்தாலும் இதற்குப் பதில் சொல்ல அரை நிமிடம் போதும். சொன்னதை அங்கேயே சீட்டின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

3. வாசகம் எழுதவும்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். தகட்டைப் படிக்கப் போவது யார் என்று வரிசையாக யோசித்துப் பாருங்கள். வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒருவர் தள்ளாடி விழுகிறார். முதலில் குனிவது கண்டக்டரோ பூக்காரம்மாவோ. அடுத்து 108 வண்டியில் வருகிறவர். அப்புறம்தான் டியூட்டி டாக்டர். முதல் ஆளுக்குத் தமிழ் வேண்டும், என்ன செய்வது என்று வேண்டும். மற்ற இருவருக்கும் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும்.

அதனால் முன்பக்கம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் மருத்துவ வாசகம், பின்பக்கம் தமிழில் பொதுமக்களுக்கான வாசகம். இன்சுலின் போடும் ஒருவருக்கு முன்பக்கம் இப்படி இருக்கலாம் (உச்சரிப்பை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன்):

டைப் 1 டயாபடீஸ்
ஆன் இன்சுலின்
பெனிசிலின் அலர்ஜி

பின்பக்கம்:

சுகர் மயக்கம்
நினைவு இருந்தால் சர்க்கரை கொடுங்கள்
இல்லையென்றால் வாயில் ஊற்றாதீர்கள் – 108

முதல் வரியும் கடைசி வரியும் முக்கியம். சர்க்கரை ரொம்பவும் தாழ இறங்கியவர் வியர்த்துக் கொட்டி, நாக்கு குழறி, சம்பந்தமில்லாமல் பேசுவார். பார்க்கிறவர்கள் “அண்ணாச்சி காலையிலேயே ஏத்திட்டாரு போல” என்று விலகிப் போய்விடுவார்கள். தகடு முதலில் அந்தச் சந்தேகத்தைத்தான் துடைக்க வேண்டும். அடுத்த ஆபத்து நல்ல மனசுக்காரர்களால் வருவது. நினைவில்லாதவர் வாயில் சோடாவையோ சர்க்கரைத் தண்ணீரையோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

வலிப்பு உள்ளவர்களுக்குப் பின்பக்கம்:

வலிப்பு நோய்
ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்
வாயில் எதுவும் வைக்காதீர்கள்
5 நிமிடம் தாண்டினால் 108

இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று இன்னமும் சாவிக்கொத்தைத் தேடுகிறவர்கள் உண்டு. அதை மறுத்து எழுத இடமில்லை, தேவையும் இல்லை. சாவி கையில் இருந்துவிட்டுப் போகட்டும், ஸ்பூனை வாய்க்குள் திணிக்காமல் இருந்தால் சரி.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களின் தகடு பெரும்பாலும் டாக்டருக்கும் நர்ஸுக்கும்தான். பைக்கிலிருந்து விழுந்து வந்தால் சதையில் டிடி ஊசி, இடுப்பில் வலி ஊசி என்பது நம் பக்கத்து வழக்கம். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ஊசி குத்திய இடத்தில் உள்ளே ரத்தம் கட்டலாம். தலையில் அடி என்றால் வெளிக்காயம் இல்லாவிட்டாலும் ஸ்கேன் எடுக்கத் தோன்ற வேண்டும். ஆகவே ‘வார்ஃபரின்’ என்ற சொல் முதல் வரியிலேயே இருக்கட்டும். ‘மெக்கானிக்கல் வால்வ்’ இரண்டாவது வரியில். ஹீமோஃபிலியாவுக்கும் இதே கணக்கு: நோயின் பெயர், ஏ-யா பி-யா என்ற வகை, ‘சதையில் ஊசி வேண்டாம்’.

நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ‘ஸ்டீராய்டு டிபெண்டன்ட்’ என்ற இரண்டு சொல் போதும். அடிபட்ட நேரத்திலும் கடுங்காய்ச்சலிலும் அவர்கள் உடம்பு தேவையான அளவு தானாக ஸ்டீராய்டு சுரக்காது, ஊசியாகக் கொடுக்க வேண்டும் என்பது டாக்டருக்கு உடனே விளங்கிவிடும். டயாலிசிஸ் செய்கிறவர்கள் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்து வைத்த ரத்தக் குழாய்) எந்தக் கை என்று எழுதி, ‘அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி குத்தவோ வேண்டாம்’ என்று சேர்க்க வேண்டும்.

எழுதக் கூடாதவையும் உண்டு. முதலாவது ரத்த வகை. எல்லோருக்கும் இதன் மேல்தான் ஆசை. ஆனால் உங்கள் கையில் எழுதியிருப்பதை நம்பி எந்த ஆஸ்பத்திரியும் ரத்தம் ஏற்றாது. அங்கேயே வகை பார்த்து, ஒத்துப்போகிறதா என்று சோதித்துத்தான் ஏற்றுவார்கள். ஒரு வரி வீண். ஆதார் எண், வீட்டு முகவரி வேண்டாம், தகடு தொலைந்தால் தொல்லை. மருந்தின் அளவும் வேண்டாம், அது மாறிக்கொண்டே இருக்கும். ‘ஹார்ட் பேஷண்ட்’ என்று மட்டும் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதிலிருந்து டாக்டருக்கு என்ன தெரியும்? வால்வா, பேஸ்மேக்கரா, ஸ்டென்ட் வைத்து மருந்து சாப்பிடுகிறாரா? அதைத்தான் எழுத வேண்டும்.

எழுதி முடித்ததும் தகட்டின் அளவுக்கு ஒரு காகிதத்தை வெட்டி, அதில் எழுதிப் பாருங்கள். கண்ணாடி போடாமல் ஒரு முழத் தூரத்தில் படிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் வரியைக் குறையுங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள்.

4. யாருடைய போன் நம்பர்

டாக்டர் நம்பர் வேண்டாம், ராத்திரி அவர் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தெரியாத நம்பர் என்றாலும் எடுக்கிற ஆள், உங்கள் மருந்தெல்லாம் தெரிந்த ஆள், ஆஸ்பத்திரிக்கு வந்து சேரக்கூடிய தூரத்தில் இருக்கிற ஆள். மூன்றும் பொருந்த வேண்டும். துபாயில் இருக்கும் மூத்த மகனைவிடப் பேட்டையில் இருக்கும் மைத்துனர் உபயோகம்.

இடம் இருந்தால் இரண்டு நம்பர். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் முன்னால் 91 என்ற நாட்டுக் குறியீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. உடம்பில் எங்கே

நாடி பார்க்கிறவர் கை மணிக்கட்டையும் கழுத்தையும்தான் தொடுவார். தகடு அந்த இரண்டில் ஒன்றில் இருக்க வேண்டும். அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொள்கிறேன், கொலுசில் சேர்த்துக்கொள்கிறேன் என்றால் அதை யாரும் தேட மாட்டார்கள்.

நம் ஊரில் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மணிக்கட்டில் ஏற்கெனவே கோயில் கயிறு இரண்டு, செம்புக் காப்பு ஒன்று, சமயத்தில் தர்காவில் கட்டிய கயிறும் இருக்கும். அவற்றுக்கு நடுவே உருளையாக, மூடி போட்ட மாதிரி ஒரு அலர்ட் தகடு இருந்தால் தாயத்து என்று நினைத்து விட்டுவிடுவார்கள். எனவே தட்டையான, எழுத்து வெளியே தெரிகிற தகடாக எடுங்கள். முடிந்தால் கயிறு இல்லாத கையில். கண்ணாடி வளையல் நிறைய போடுகிற பெண்களுக்கும் இதே யோசனைதான். கழுத்து என்றால் தாலிச் செயினோடு கோக்காமல் தனிச் செயினாகப் போடுங்கள். தாலியைத் தொடத் தயங்கி விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேலையையும் பாருங்கள். மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவர்களுக்கு மணிக்கட்டு முறத்தில் உரசிக்கொண்டே இருக்கும், கழுத்துச் செயின் நல்லது. லேத், ரைஸ் மில், கதிரடிக்கும் இயந்திரத்தில் வேலை செய்கிறவர்கள் கையில் வளையம் போடவே கூடாது. கழுத்திலும் சட்டைக்குள்ளேதான், அதுவும் பலமாக இழுத்தால் அறுந்துவிடும் கயிற்றில். கரண்ட் வேலை செய்கிறவர்களுக்கு உலோகமே வேண்டாம், சிலிக்கான் பட்டை வாங்குங்கள்.

ஃபிஸ்டுலா உள்ள கையில் எந்த வளையமும் கூடாது. இறுக்கம் அந்த ரத்தக் குழாயை அடைத்துவிடும். மறு கைதான்.

குழந்தைகளுக்குக் கழுத்துச் செயின் தவிர்க்கலாம். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அழுத்தமாகப் பொருந்தும் துணிப் பட்டையோ சிலிக்கான் பட்டையோ போதும். கிளாஸ் டீச்சருக்கும் வேன் டிரைவருக்கும் சொல்லி வையுங்கள்.

6. உலோகமும் கொக்கியும்

சர்ஜிக்கல் ஸ்டீல் என்று விற்கும் 316எல் ரக எவர்சில்வர் போதும். வியர்வை, உப்புத் தண்ணீர், நம் போர்வெல் தண்ணீர் எல்லாவற்றையும் தாங்கும். வெள்ளி கறுக்கும். கறுக்கும்போதெல்லாம் பாலிஷ் போடக் கொடுத்தால் எழுத்து தேய்ந்துகொண்டே வரும்.

தங்கத்தில் செய்யாதீர்கள். செயின் பறிப்புக்குப் பயந்து அதை உள்ளே மறைப்பீர்கள், விசேஷத்துக்கு மட்டும் என்று பீரோவில் வைப்பீர்கள். ஆபத்துக்குக் கையில் இருக்காது. பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிற வீட்டில் இப்படி எழுதி மாட்டுவதா என்ற கூச்சமும் உண்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வாட்ச் ஸ்ட்ராப்பில் மாட்டும் தகடு ஒரு வழி. மேலே குறியை மட்டும் வைத்து, வாசகத்தை உட்புறத்தில் பொறித்துக்கொள்ளலாம்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தக் கொக்கி உள்ள கழுத்துச் செயின் வாங்க வேண்டாம். காந்தம் நெஞ்சுக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

அளவு: வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் குற்றாலத்திலோ பாபநாசத்திலோ அருவி விழுகிற வேகத்தில் கழன்று போய்விடும். நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் தோல் அரிக்கிறவர்கள் சிலிக்கான் பட்டையில் தகட்டைப் பதித்து வாங்கலாம்.

7. பொறிக்கக் கொடுக்கும்போது

ஆன்லைனில் வாங்கினால் ஆங்கிலத்தில் லேசரில் பொறித்து வந்துவிடும். தமிழுக்கு நம் ஊர்ப் பாத்திரக் கடைகளே போதும். திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில், பாளை மார்க்கெட்டில் சீர்ப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவர்கள் கையிலே தமிழ் எழுத்து தண்ணீராக ஓடும். ஆனால் அவர்கள் பழகியது குடத்திலும் அண்டாவிலும், எழுத்து பெரிதாக இருக்கும். முதலில் ஒரு பழைய எவர்சில்வர் மூடியில் அதே அளவுக்கு வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த மூடியைக் கையில் வாங்கிப் புள்ளிகளைப் பாருங்கள். சிறிய எழுத்தில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘வலிப்பு’ என்று கொடுத்தால் ‘வலிபபு’ என்று வந்து நிற்கும். அவசரத்தில் குனிந்து படிக்கிறவருக்கு அது தடங்கல். ஒவ்வொரு புள்ளியையும் ஆழமாகக் குத்தச் சொல்லுங்கள். வாசகத்தை வாயால் சொல்லாமல் தெளிவாக அச்சடித்த தாளில் கொடுங்கள். மருந்துப் பெயரில் ஒரு எழுத்து மாறினால் வேறு மருந்தாகிவிடும். தகட்டை வாங்கின இடத்திலேயே, அதில் உள்ள போன் நம்பரைப் பார்த்து டயல் செய்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அடையாளத்துக்குச் சிவப்புச் சிலுவை போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்வார். வேண்டாம். அந்தச் சின்னத்தை அனுமதியில்லாமல் பயன்படுத்த 1960-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டத்தில் தடை இருக்கிறது. ஆறு கை நட்சத்திரத்தில் பாம்பு சுற்றிய கோல் உள்ள குறி போடலாம். அது நம் பக்கத்தில் பலருக்குப் புரியாது என்பதால் ‘மெடிக்கல் அலர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் மேலே வைத்துவிடுங்கள்.

கியூஆர் கோடு மட்டும் உள்ள பட்டைகளை நம்பி இருக்காதீர்கள். அதைப் படிக்கப் போன் வேண்டும், சிக்னல் வேண்டும், அந்தக் கம்பெனி இன்னும் நடந்துகொண்டிருக்க வேண்டும். காரையாறு பக்கம் போய்ச் சிக்னல் தேடிப் பாருங்கள், தெரியும். கூடுதலாக இருந்தால் இருக்கட்டும்.

8. பர்ஸில் கார்டு, போனில் பதிவு

தகட்டில் அடங்காதது இங்கே போகட்டும்: எல்லா மருந்துகளும் அளவோடு, டாக்டர் பெயர், செய்த ஆபரேஷன், பேஸ்மேக்கரின் மாடல். ஒரு சின்ன அட்டையில் எழுதி லேமினேட் செய்து பர்ஸில் வையுங்கள். தகட்டின் கடைசி வரியில் ‘கார்டு பர்ஸில்’ என்று சேர்த்தால் தேடுவார்கள்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி என்ற இடத்திலும், ஐபோனில் ஹெல்த் ஆப்பில் மெடிக்கல் ஐடி என்ற இடத்திலும் நோயையும் மருந்தையும் பதியலாம். லாக் ஆகியிருக்கும்போதும் காட்டு என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்துவிடாதீர்கள். அதை விட்டுவிட்டால் பதிந்ததே வீண்.

தகட்டுக்கு அடுத்தபடிதான் இவை. வள்ளியூர் பக்கமோ அம்பாசமுத்திரம் பக்கமோ விழுந்தால் முதலில் அங்குள்ள ஆஸ்பத்திரி, அங்கிருந்து ரெஃபர் ஆகிப் பாளை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி (அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) என்று கை மாறிக்கொண்டே வருவீர்கள். பர்ஸ் ஒருவரிடம், போன் ஒருவரிடம் போய்விடும். மணிக்கட்டில் இருப்பது உங்களோடேயே வரும்.

9. ஒரு முறை சோதித்துப் பாருங்கள்

உங்கள் நோய் விவரம் தெரியாத ஒருவரிடம், பக்கத்துக் கடைப் பையனிடம் என்றாலும் சரி, கையை நீட்டுங்கள். “தம்பி, நான் மயங்கிக் கிடக்கேன், இதைப் படிச்சிட்டு என்ன செய்வே?” அவன் உடனே பதில் சொன்னால் வாசகம் சரி. ‘இது என்ன அண்ணாச்சி, டிசைனா?’ என்று கேட்டால் திரும்ப மூன்றாவது படிக்குப் போங்கள்.

நம்பர் கொடுத்திருக்கும் ஆளிடமும் சொல்லி வையுங்கள். போன் வந்தால் முதலில் அவர் கேட்க வேண்டியது எந்த ஆஸ்பத்திரி என்பது. அடுத்து அவர் சொல்ல வேண்டியது மருந்துப் பெயர். இதைச் சொல்லி வைக்காவிட்டால் அவர் பதறுவதிலேயே நேரம் போய்விடும்.

10. கழற்றுவதும் மாற்றுவதும்

குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்ற வேண்டாம். கழற்றி வைத்தால் திரும்ப மாட்ட மறப்பது நிச்சயம். எம்ஆர்ஐ எடுக்கும்போதும் ஆபரேஷனின்போதும் கழற்றச் சொல்வார்கள். அப்போது அதைக் கூட வந்தவரிடம் கொடுத்து, வாசகத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ளும்படி நர்ஸிடம் சொல்லுங்கள்.

வாரம் ஒரு தடவை பழைய டூத் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டு எழுத்துக்குள் தேயுங்கள். திருநீறும் சந்தனமும் எண்ணெயும் புள்ளிகளில்தான் போய் அடைத்துக்கொள்ளும்.

மருந்து மாறினாலோ, போன் நம்பர் மாறினாலோ, புதிதாக அலர்ஜி தெரிந்தாலோ அந்த வாரமே புதுத் தகடு. வார்ஃபரினை டாக்டர் நிறுத்திய பிறகும் கையில் வார்ஃபரின் என்று இருந்தால், அடிபட்டு வரும்போது தேவையில்லாத வேலையெல்லாம் நடக்கும். பழைய தகட்டை ‘இருக்கட்டும்’ என்று அலமாரியில் போட்டு வைக்காதீர்கள், வீட்டில் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள். ஆணியால் எழுத்தின் குறுக்கே ஆழமாகக் கீறி, பழைய எவர்சில்வரோடு எடைக்குப் போட்டுவிடுங்கள்.